இருபத்தொன்பது கிலோ

என் வாழ்நாளில் நான் குண்டாக இருந்தது ஒரே ஒரு மார்கழியிலும் தையிலும்தான். அதுவும் என் குற்றமில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. எழுந்ததும் முட்டை, பள்ளிக்கூடம் போகும்முன் கேழ்வரகுக் கூழ், சாயங்காலம் பேரீச்சம்பழம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் ஆட்டு ஈரல். போதும் என்றால் அம்மா விடமாட்டாள். "துன்னுடி, உனக்கு இன்னா கஷ்டம், வாயில போட்டா தானா உள்ள போவுது" என்று இன்னொரு கரண்டி வைப்பாள். அதற்குமுன் அந்த வீட்டில் என் தட்டை யாரும் எட்டிப் பார்த்ததே இல்லை. எல்லோர் கண்ணும் தம்பியின் தட்டில்தான் இருக்கும். எனக்கு ஏதோ ராஜயோகம் அடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, கொடுத்ததையெல்லாம் தின்றேன்.

தம்பிக்கு ஆறு வயது. அவன் உடம்பில் ரத்தம் சரியாக ஊறாது. பிறவியிலேயே வந்த நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை திருத்தணியிலிருந்து ரயிலேறிச் சென்னைக்குப் போய் ரத்தம் ஏற்றிக்கொண்டு வரவேண்டும். போகும்போது வெளுத்துப்போய் அம்மாவின் தோளில் துணிபோல் கிடப்பான். திரும்பும்போது மணவூர் வருவதற்குள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூத்தடிப்பான். பக்கத்து சீட்டுக்காரர்கள் "பையன் செம வாலு" என்பார்கள். அம்மாவுக்கு அதைக் கேட்க அவ்வளவு ஆசை. வாலாட்டம் அடுத்த பத்து நாளைக்குத்தான் என்று அவளுக்குத் தெரியும்.

ஐதராபாத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் எலும்பு மஜ்ஜை மாற்றினால் இந்த ரயில் பயணமே வேண்டியிருக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் எல்லோருடைய ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். பொருந்தியது என்னுடையது மட்டும்தான். என் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துத் தம்பிக்கு ஏற்ற வேண்டும். இந்த விஷயம் நைனாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், சர்ச்சில் பிரசங்கம் செய்யும் சபை ஐயருக்கும் எதிர்வீட்டு அத்தைக்கும்கூடத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. குழந்தைக்கு நாங்களே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறோம், நீங்கள் ஏதாவது சொல்லி மிரட்டிவிடாதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். என்னிடம் "பொருந்திடுச்சும்மா" என்று மட்டும்தான் சொன்னார்கள். நான் ஏதோ பரீட்சையில் பாஸாகிவிட்ட மாதிரி அதைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டு தடவை தேதி கொடுத்தார்கள். இரண்டு தடவையும் ராத்திரி ரயிலில் போனோம். இரண்டு தடவையும் போய்ச் சேரும்போது தம்பிக்குக் காய்ச்சல். ரயில் பெட்டியில் எவரோ தும்மியிருப்பார்கள், நமக்கு அது தும்மல், அவனுக்கு அது காய்ச்சல். காய்ச்சலோடு இந்த வைத்தியம் செய்ய முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தேதி கொடுத்தபோது டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாளாக ஆகக் கல்லீரல் கெட்டுக்கொண்டே போகிறது, இதற்குமேல் தள்ளிப்போட முடியாது, கூட்டத்தில் மட்டும் கூட்டிக்கொண்டு வராதீர்கள். அன்று வீட்டுக்கு வந்து நைனா சாப்பிடவே இல்லை. கூட்டம் இல்லாத ரயிலை இந்த நாட்டில் எங்கே போய்த் தேடுவது?

ரத்தம் ஏற்றும் இடத்தில் இருந்த நர்ஸம்மாதான் வழி சொன்னார். சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து, இப்படிப்பட்ட நோயாளிகளைக் காசு வாங்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார்களாம். அவர்களே ஓட்டுவார்களாம், பெட்ரோலும் அவர்களுடையதாம். நைனா நம்பவில்லை. அவருக்குத் திருத்தணி பஜாரில் பம்புசெட் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டும் கடை. சும்மா கொடுக்கும் மனுஷர்களை அவர் அந்தக் கடையில் உட்கார்ந்து அதிகம் பார்த்ததில்லை.

"பிளேனுல, அதுவும் சும்மாவா? இன்னாத்துக்கு?" என்று அம்மாவைக் கேட்டார்.

"அத நீ கேட்டுகினு இரு, நான் போன் பண்றேன்" என்றாள் அம்மா.

போனில் பேசிய பையன் மரியாதையாகப் பேசினான். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், ஒவ்வொருவரும் எத்தனை கிலோ, பெட்டி எத்தனை கிலோ, சரியாகச் சொல்லுங்கள், சின்ன விமானம் என்பதால் இது ரொம்ப முக்கியம் என்றான். இங்கேதான் எங்கள் குடும்பம் சறுக்கியது.

நைனா தன் பர்ஸைத் திறந்து ஓர் அட்டையை எடுத்தார். அரக்கோணம் ஸ்டேஷனில் காசு போட்டால் விளக்கெல்லாம் மின்னி எடை அட்டை துப்புமே, அந்த மெஷினில் கல்யாணமான புதிதில் எடுத்தது. ஐம்பத்தெட்டு என்று போட்டிருந்தது. பின்னால், உங்களைத் தேடி நல்ல காலம் வரும் என்று ஜோசியம். அந்த ஜோசியத்துக்காகவே அதைப் பத்திரமாக வைத்திருந்தார். அட்டையில் அச்சடித்த எண் பொய் சொல்லுமா என்று ஐம்பத்தெட்டையே சொன்னார். அம்மா தன்னுடையதைக் கொஞ்சம் யோசித்து நாற்பத்தெட்டு என்றாள். எப்படி யோசித்தாள் என்று நான் கேட்டதில்லை. தம்பி பதினாலு. அது ஒன்றுதான் உண்மை, அவனை மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் நிறுக்கிறார்களே.

என் முறை வந்தபோது அம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு மெல்ல, "இருவத்திரண்டு" என்றாள். அது ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் எழுதிய எடை. அதற்கப்புறம் எத்தனை முட்டை, எத்தனை ஈரல்! எதிர்வீட்டு அத்தை என்னைப் பார்க்கும்போதெல்லாம் "பொண்ணு நல்லா பூரிச்சிகினு வருதே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்களுக்குக் கண்ணேறு கிடையாது, ஐயர் பிரசங்கத்திலேயே சொல்லியிருக்கிறார், அம்மாவும் அதற்கு ஆமென் சொல்லியிருக்கிறாள். ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் கதவைச் சாத்திவிட்டு உப்பும் மிளகாயும் எடுத்து என்னைச் சுற்றுவாள். கை சுற்றும், வாய் பரமண்டல ஜெபம் சொல்லும். இரண்டு பக்கமும் பந்தோபஸ்து. அப்படிப்பட்டவள் வளர்கிற பிள்ளையின் எடையை முகம் தெரியாத ஒருவனிடம் போனில் உடைத்துச் சொல்லிவிடுவாளா?

அடுத்த பிரச்சினை வெறுங்கை. ஊரில் ஒருவர் வீட்டுக்குப் போனாலே பழம் வாங்கிக்கொண்டு போகிறோம். சும்மா ஆகாயத்தில் கூட்டிப்போகிறவருக்குக் கையை வீசிக்கொண்டா போவது? பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருக்கும் பெரியப்பா, பைலட் சாருக்கென்று நாலு லுங்கியும் ஒரு வேட்டியும் கொண்டுவந்தார். நைனாவிடம் மோட்டார் கட்டிய விவசாயி ஒருவர் அரை மூட்டை வேர்க்கடலை கொடுத்தார். சபைப் பெண்கள் ஒரு டின் முறுக்கு. எதிர்வீட்டு அத்தை தன் நிலத்தில் விளைந்த பரங்கிக்காயை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் ஏற்கெனவே மலைமேல் முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள், பையன் பிழைத்து வந்தால் அவனுக்கு மொட்டை போடுவதாக. எங்களிடம் கேட்காமலே எங்கள் வீட்டுத் தலையை வேண்டிக்கொண்டாள். அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவள் யாரையும் பகைத்துக்கொள்ளத் தயாராக இல்லை.

நைனா இதற்குள் பஜார் முழுக்கச் சொல்லிவிட்டார். பைலட்டுக்குப் பக்கத்து சீட்டில் தான்தான் உட்காரப் போவதாகவும், எஞ்சினைப் பற்றிச் சில சந்தேகங்கள் கேட்கவேண்டியிருப்பதாகவும். கடையின் கதவில் நாலு நாள் விடுமுறை என்று எழுதி ஒட்டினார். புது செருப்பு வாங்கினார்.

ரேணிகுண்டா விமான நிலையத்துக்குக் காலையில் கிளம்பினோம். கூட்டம் கூடாது என்று டாக்டர் சொன்னதை மதித்து, எங்கள் நாலு பேரையும் ஒரு காரில் ஏற்றிக் கண்ணாடியை ஏற்றிவிட்டார்கள். வழியனுப்ப வந்த பதினோரு பேரும் பின்னால் ஒரு வேனில் வந்தார்கள். தம்பிக்கு வாயை மூடித் துணி கட்டியிருந்தது. அவன் அதற்குள்ளேயே பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான்.

வேனில் வந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டு எங்களை மட்டும் ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே கண்ணாடி போட்ட, கட்டை குட்டையான ஓர் அம்மா சுடிதாரும் ஷூவும் போட்டுக்கொண்டு நின்றார். நைனா அவரைத் தாண்டி எட்டிப் பார்த்து, "பைலட் சார் வந்துகினு இருக்காருங்களா?" என்றார்.

"நான்தானுங்க ஓட்டறேன்" என்றார் அந்த அம்மா. கோயம்புத்தூர்க்காரர். பல் டாக்டராம். வாரம் முழுக்கப் பல் பிடுங்கிவிட்டு, லீவு நாளில் இப்படிப் பறக்கிறாராம். பெரியப்பாவின் லுங்கிகளை நைனா முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

டாக்டரம்மா என் தாடையைப் பிடித்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "அம்மிணிக்குப் பல்லு அருமையா இருக்குது" என்றார். பிறகு பையிலிருந்து ஒரு எடைக் கருவியை எடுத்துத் தரையில் வைத்தார். "கோவிச்சுக்காதீங்க, எல்லாரையும் ஒருக்கா நிறுத்துக்கறேன்."

நைனா புது செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். எழுபது. அட்டைக்கு அப்புறம் பதினோரு வருஷம் அம்மா கையால் சாப்பிட்டிருக்கிறார். அம்மா ஐம்பத்து நாலு. தம்பி பதினாலு. நான் ஏறி நின்றேன். இருபத்தொன்பது. அம்மா சட்டென்று தன் முந்தானையால் முள்ளை மறைத்தாள். அப்புறம் பெட்டிகள், கடலை, முறுக்கு, பரங்கிக்காய். டாக்டரம்மா காகிதத்தில் கூட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க சொன்னதுக்கும் இதுக்கும் அம்பது கிலோவுக்கு மேல கூடுதுங்களே!"

தம்பி துணிக்குள் இன்னும் பாடிக்கொண்டிருந்தான். முதலில் பரங்கிக்காய் வெளியே போனது. பிறகு கடலை, லுங்கி, முறுக்கு எல்லாம் வேனுக்குப் போயின. அப்படியும் இருபத்தைந்து கிலோ கூடுதலாக நின்றது. பெட்ரோலைக் குறைத்தால் ஊர் போய்ச் சேர முடியாது, கூடுதல் எடையோடு கிளம்ப நான் மாட்டேன், பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தத் தப்பைச் செய்யமுடியாது என்று டாக்டரம்மா பொறுமையாக எடுத்துச் சொன்னார். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். மூன்றாவது தேதி. அம்மாவின் முகம் சென்னைக்குப் போகும் நாளின் தம்பி முகத்தைப்போல வெளுத்துவிட்டது.

எனக்குக் கழித்தல் கணக்கு நன்றாக வரும். கூடுவது இருபத்தைந்து, நான் இருபத்தொன்பது. என்னை இறக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், நாலு கிலோ மிச்சமும் இருக்கும், வேண்டுமானால் முறுக்கு டின்னை ஏற்றிக்கொள்ளலாம். தின்று தின்று இந்தக் காரியத்தைக் கெடுத்தது நான்தானே. விமானத்தில் ஏறப்போகிறேன் என்று வகுப்பில் ஒருத்தியிடம் பந்தயம் கட்டியிருந்தேன், அதுவும் ஞாபகம் வந்தது. இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

"நான் பெரியப்பா கூட ஊட்டுக்குப் போறேம்மா. நீங்க தம்பிய இட்டுகினு போங்க. நான் ஒண்ணும் அழமாட்டேன்."

பெரியவர்கள் மூன்று பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது இன்னும் எனக்கு மறக்கவில்லை. நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டேனோ என்று பயந்துபோனேன். அம்மா தொப்பென்று தரையில் உட்கார்ந்து என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அந்த வயதில், அந்த எடையில், யார் என்னை மடியில் போட்டுக்கொள்வார்கள்? டாக்டரம்மாவுக்கு நோயாளியைப் பற்றிய காகிதமெல்லாம் முன்பே வந்திருந்தது. அவர் குனிந்து என் கன்னத்தைத் தொட்டு, "நீ இல்லாம இந்தப் பிளேனு கிளம்பாது சாமி" என்றார். என் பல் வரிசை அவருக்கு அவ்வளவு பிடித்துப்போய்விட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

நைனா புது செருப்பை மாட்டிக்கொண்டார். "நான் ரயில்ல வந்துடறேங்க. சாயங்காலம் ஏறினா காலைல அங்க இருப்பேன். ஆஸ்பத்திரில கையெழுத்துக்கு நேரத்துக்கு வந்துடுவேன்" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அவர் கண் வெளியே நிற்கும் விமானத்துக்குப் போவதை டாக்டரம்மா பார்த்தார். பிறகு, "வாங்க, எஞ்சினையாவது பாத்துட்டுப் போங்க" என்று அனுமதி கேட்டுக் கூட்டிப்போனார். விமானத்தின் முன்மூடியைத் திறந்து காட்டினார். நைனா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே தலையை நீட்டி நெடுநேரம் பார்த்தார். வெளியே வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. "காயில் சுத்தமா கட்டிகிறாங்க" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். தம்பியைத் துணிக்குமேலேயே முத்தமிட்டார். என்னை முத்தமிடவில்லை. என் தலையில் கையை வைத்துக்கொண்டு, சபையில் ஐயர் ஆசீர்வாதம் சொல்லும்போது நிற்பதுபோல் கண்ணை மூடி நின்றார்.

டாக்டரம்மா ஒரு கைப்பிடி வேர்க்கடலை மட்டும் எடுத்துச் சுடிதார் பையில் போட்டுக்கொண்டார். "இது கணக்குல வராதுங்க" என்றார்.

தம்பி முன்சீட்டுக்கு அடம்பிடித்தான், கிடைக்கவில்லை. பின்னால் அம்மாவுக்கு ஒரு பக்கம் அவன், இன்னொரு பக்கம் நான். வழக்கமாக அம்மாவின் இரண்டு கையும் தம்பிக்குத்தான். ரயிலில், சபையில், கல்யாண வீட்டில், எங்கே போனாலும் எனக்கு அவள் முந்தானை நுனிதான் கிடைக்கும். நானும் பழகிக்கொண்டிருந்தேன். அன்று விமானம் ஓடத் தொடங்கியதும் அம்மா தம்பியைப் பெல்ட்டில் மாட்டி ஜன்னல் பக்கம் விட்டுவிட்டு, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தாள் என்றால் அப்படியொரு பிடி. வளையல் என் மணிக்கட்டில் அழுந்தி வலித்தது. கீழே மலைகள் சின்னதாகி, ஏரிகள் கண்ணாடித் துண்டாக மின்னின. தம்பி கத்திக்கொண்டிருந்தான். அம்மா எதையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயமா இருக்குதாம்மா?" என்று அவள் காதில் கேட்டேன்.

"ஆங். பயமாத்தான் இருக்குது."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா பயந்து, அதற்கு என்னைப் பிடித்திருக்கிறாள்! "நான் இருக்கேன் இல்ல. கெட்டியா புடிச்சுக்கோ" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். இறங்கும்வரை விடவில்லை.

நைனா மறுநாள் விடிகாலையில் வந்து சேர்ந்தார். ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். ரேணிகுண்டா ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்த நேரத்தில் காசு போட்டு எடை பார்த்து, புது அட்டை ஒன்றை பர்ஸில் வைத்திருந்தார். எழுபது. பின்னால் தெலுங்கில், தூரப் பயணம் நன்மை தரும் என்று இருந்ததாம். ஆஸ்பத்திரியில் வேறொரு டாக்டரம்மா பஞ்சுப் பொம்மையை வைத்துக்கொண்டு, ஊசி எங்கே போடுவோம், எதற்குப் போடுவோம் என்று எனக்குச் சொன்னார். சம்மதமா என்று கேட்டார். பொம்மையை எனக்கே தருவீர்களா என்று கேட்டேன், தருவதாகச் சொன்னார், சரி என்றேன். நாலு நாள் இடுப்பு வலித்தது, அவ்வளவுதான். தம்பிக்குத்தான் மருந்தில் முடியெல்லாம் கொட்டி மொட்டையாகிப்போனது. எதிர்வீட்டு அத்தை போனில் அதைக் கேட்டுவிட்டு, முருகன் தன் பங்கை அங்கேயே வாங்கிக்கொண்டான் என்றாள்.

அவன் இப்போது என்னைவிட ஒரு முழம் உயரம். ரத்தம் ஏற்றுவதற்காகக் கடைசியாக எப்போது போனோம் என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது. அம்மாவுக்கு விமானம் என்றால் நடுக்கம் என்ற கதையை மட்டும் நான் மறக்கவில்லை. கல்யாணம், காதுகுத்து, கிறிஸ்துமஸ் என்று நாலு பேர் கூடும் இடத்திலெல்லாம் அபிநயத்தோடு சொல்லிச் சிரிக்க வைப்பேன். வளையல் அழுந்தியதைக்கூட நடித்துக் காட்டுவேன். அம்மா ஒரு தடவைகூட மறுத்ததில்லை. கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

போன மாதம் தம்பிக்கு ஐதராபாத்தில் வேலை கிடைத்தது. அவனைக் கொண்டுபோய் விட, அம்மாவும் நானும் அவனும் சென்னையிலிருந்து விமானத்தில் போனோம். பாவம், பயப்படுவாளே என்று நடுசீட்டில் அவளை உட்காரவைத்தேன். விமானம் கிளம்பும்போது என் கையை அவள் பக்கம் நீட்டினேன்.

"இன்னாடி?" என்றாள்.

"புடிச்சுக்கோம்மா. பயமா இருக்கும் இல்ல?"

"எனக்கு இன்னா பயம்" என்று சொல்லிவிட்டு, கொட்டாவி விட்டு, சக்கரம் மேலே எழும்புவதற்குள் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். இரண்டு கையும் மடியில் கிடந்தன. ஐதராபாத் வரும்வரை கண் விழிக்கவில்லை. நான் தூங்கவில்லை. நோயுள்ள பிள்ளைக்காக நோயில்லாத பிள்ளையை, அதனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஊசிக்குக் கூட்டிப்போன ஒருத்தியிடம், 'நான் இருக்கேன் இல்ல' என்று சொன்ன அந்த இருபத்தொன்பது கிலோ சிறுமியை நினைத்துக்கொண்டு, தூங்கும் அம்மாவின் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன்.